காட்ரோட்டில் சொட்டும் சிவப்பு எண்ணெய்

பஸ் கண்டக்டர்கள் "காட்ரோடு, காட்ரோடு" என்று சத்தம் போடும் இடம் எங்கள் கெங்குவார்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம், தேனி போகிற சாலையில் கொடைக்கானல் மலைப்பாதை பிரிகிற முக்கு அது. மேலே ஏறப்போகிற வண்டிகளும் இறங்கி வந்த வண்டிகளும் டீக்கு நிற்கும். அவை கிளம்பிப் போன பிறகு தரையைப் பார்த்தால் ஒவ்வொரு வண்டியின் உடல்நிலையும் தெரிந்துவிடும். கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி., கவலை வேண்டாம். எண்ணெய்ப் பிசுபிசுப்போடு சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில்.

இந்தச் சிவப்புச் சொட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தியவன். பாடத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்க மாட்டார்கள். ஆனால் பவர் ஸ்டியரிங்கின் வரலாறே ஒரு வகையில் ஒழுகலின் வரலாறுதான்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போக வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அடிவாரத்திலிருந்து செண்பகனூருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைதான். துரைமார்களையும் அவர்கள் வீட்டம்மாக்களையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து நம்மூர் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்ததும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம் வரை வந்து, பிறகு தோள்களில் ஏறினார்கள். இப்போது நாம் போகிற பாதையை அளந்து வகுத்தவர் மேஜர் லா. அவர் பெயரால்தான் அது 'லாஸ் காட் ரோடு'. (சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். இல்லை.) முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் இதில் மோட்டார் போக்குவரத்து தொடங்கியது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1912-ல், மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் சர்வீஸ் ஆரம்பித்திருந்தார்.

தூக்குகிற தோள்களின் வேலை டிரைவரின் தோளுக்கு மாறியது. மலைப்பாதையில் அந்தக் காலத்து பஸ் ஓட்டுவது என்பது உடலுழைப்புதான். பழைய பஸ்களின் ஸ்டியரிங் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கடப்பாரை நீளமானால் கல் சுலபமாக அசைகிற மாதிரி, சக்கரம் பெரிதானால் கைக்கு பலம் கூடும். அதோடு ஸ்டியரிங் பாக்ஸுக்குள் பல் விகிதத்தையும் அதிகம் வைப்பார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டிரைவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, நெஞ்சைச் சக்கரத்தின் மேல் கொடுத்து இழுப்பார். அடுத்த வளைவு வருவதற்குள் அத்தனை சுற்றையும் திரும்ப அவிழ்க்க வேண்டும். கட்டை விரலைச் சக்கரத்துக்குள் கொடுக்காதே என்று பழைய ஆட்கள் சொல்லிக் கொடுப்பார்கள். முன் டயர் கல்லில் ஏறினால் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் வெட்டி விரலை முறித்துவிடும். 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவான பிறகும் நீண்ட காலம் மலைக்குப் போன பஸ்கள் பெரும்பாலும் இப்படிக் கைபலத்தில்தான் ஓடின. அந்தத் தலைமுறை டிரைவர்களில் ஓய்வு பெற்றவர்களைப் பாருங்கள். தோள்பட்டை வலி என்று சொல்லாதவர் குறைவு.

இந்தச் சுமையை எண்ணெயின் தலையில் ஏற்றலாம் என்று உருப்படியாகச் செய்து காட்டியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர். பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இன்ஜினியராக இருந்தார். கனரக லாரிகளின் ஸ்டியரிங்கோடு டிரைவர்கள் மல்லுக்கட்டுவதை அங்கேதான் பார்த்திருக்கிறார். 1920களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் ஒரு சிறிய பட்டறையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் முன்னால் நின்ற முக்கியமான பிரச்சினை ஒழுகல். அந்தக் காலத்து ஹைட்ராலிக் இயந்திரங்களில் வால்வை மூடியே வைத்து, எண்ணெயை அழுத்தத்திலேயே தேக்கி வைத்திருந்து, தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். அழுத்தம் இருபத்துநாலு மணி நேரமும் இருந்தால் ஒவ்வொரு இணைப்பும் இருபத்துநாலு மணி நேரமும் கசியத்தான் செய்யும். தொழிற்சாலையில் ஒரு ஓரமாக நிற்கிற பிரஸ் இயந்திரத்துக்கு அது பரவாயில்லை. குலுங்கி ஓடுகிற வண்டிக்கு ஆகாது. டேவிஸ் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும், எண்ணெய் பம்பிலிருந்து கிளம்பி சும்மா சுற்றி வந்து டப்பாவில் விழட்டும், டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வழியை அடைத்தால் போதும், அப்போது அழுத்தம் தானாக ஏறும் என்று வைத்தார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாத்திக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மண்வெட்டியால் நாலு வெட்டு மண்ணைப் போட்டு வாய்க்காலை மறிக்கிறோம். தண்ணீர் மட்டம் உயர்ந்து பாத்திக்குள் பாய்கிறது. பாய்ந்ததும் மண்ணை எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன், அதன் இரண்டு பக்கமும் இரண்டு பாத்திகள். இடது பக்கம் திருப்பினால் ஒரு பாத்திக்கு மடை மாறும், வலது பக்கம் திருப்பினால் இன்னொன்றுக்கு. பின்னால் வந்த அமைப்புகளில் அந்த மண்வெட்டி வேலையைச் செய்வது ஒரு சின்ன சுழல் வால்வும், 'டார்ஷன் பார்' என்கிற மெல்லிய கம்பியும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தக் கம்பி ஓர் இம்மி முறுக்கிக்கொள்கிறது. அந்த இம்மிதான் மடையை மாற்றுகிறது.

1926-ல் டேவிஸ் தன் பியர்ஸ் ஆரோ காரிலேயே இதைப் பொருத்தி டெட்ராய்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வமாக எடுத்துக்கொண்டது. பிறகு பொருளாதார மந்தம் வந்து, இவ்வளவு செலவு தாங்காது என்று கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது தேவைப்பட்டது. கடைசியில் 1951-ல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது டேவிஸின் ஆரம்பகாலக் காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன. கால் நூற்றாண்டு காத்திருந்தவனை விட்டுவிட்டு மற்றவன் முதலில் சாப்பிட்டான். அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு சேர்ந்து கேடிலாக்கில் கொண்டுவந்துவிட்டது என்பது ஓர் ஆறுதல்.

எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பதற்கு இன்னொரு பொருளும் தேவைப்பட்டது. அதுதான் ஆயில் சீல். இதன் கதை தோலில் ஆரம்பிக்கிறது. பழைய சைக்கிள் பம்பைக் கழற்றினால் உள்ளே கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்குமே, காய்ந்துபோனால் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்குவோமே, அதே தத்துவம். ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் ஃபிராய்டன்பெர்க் என்பது தோல் பதனிடும் கம்பெனி. 1930-ஐ ஒட்டிய மந்த காலத்தில் தோலை என்ன செய்வது என்று தேடி, இயந்திரங்களுக்குத் தோல் சீல் செய்ய ஆரம்பித்தார்கள். சுற்றுகிற தண்டைச் சுற்றி ஓர் உதடு கவ்விப் பிடிக்கிற மாதிரியான சீல். சில வருடங்களிலேயே தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளைத் தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இன்று உலகம் முழுக்க எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற அந்தச் சின்ன வளையம் ஒரு தோல் ஷாப்பிலிருந்து வந்தது.

நம் நாட்டில் 1969-லேயே அசோக் லேலண்ட் கனரக வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கை அறிமுகப்படுத்தியது. ஆனால் சாதாரண பஸ், வேன்களுக்கு அது இறங்கி வர ரொம்ப காலம் ஆனது. 1987-ல் சென்னையின் ரானே குழுமம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, பவர் ஸ்டியரிங் செய்வதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தது. தொழிற்சாலை விராலிமலையில். முருகன் கோயிலுக்கும் மயிலுக்கும் பேர் போன ஊரில் ஸ்டியரிங் பாக்ஸ் செய்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். 1990களின் கடைசியிலும் 2000-ஐத் தாண்டியும் டூரிஸ்ட் வேன்களிலும் பெரிய டீசல் கார்களிலும் பவர் ஸ்டியரிங் பரவலானது. கொடைக்கானல் சீசன் வண்டிகள் ஒவ்வொன்றாக மாறின. அதோடு ஏ.டி.எஃப். என்கிற சிவப்பு எண்ணெயும் வந்தது. அது உண்மையில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான எண்ணெய். ஒழுகினால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துத் தெரியட்டும் என்றுதான் அதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் என்னவென்றே தெரியாத எங்கள் பக்கத்துக்கு அந்த எண்ணெய் ஸ்டியரிங் வழியாக வந்து சேர்ந்தது.

அந்தத் தலைமுறை வண்டிகளுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். என்னிடம் படித்த பையன் ஒருவன், அவனுக்கே இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, தன் பழைய டீசல் வேனோடு வீட்டுக்கு வந்தான். சீசன் புக்கிங் கையில் இருக்கிறது. வண்டியில் ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்டியரிங் ஆயில் டப்பா காலியாகிறது. "சார், ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன். நேத்து டம்டம்பாறைக்கு மேல ஒரு வளைவுல திடீர்னு கல்லு மாதிரி இறுகிப்போச்சு. பின்னாடி பன்னெண்டு பேரு. அடுத்த வளைவுல தானா சரியாயிருச்சு" என்றான். ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகை அவனுடைய அந்த சீசன் வருமானத்தில் பெரும்பகுதி.

அவன் சொன்னதில் என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வளைவுதான். பவர் ஸ்டியரிங் வண்டியை எண்ணெய் உதவி செய்யும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கிறார்கள். சக்கரத்தைச் சின்னதாக்கிவிடுவார்கள், சுற்றுகளைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே உதவி நின்றுபோனால் அந்த வண்டி பழைய கைபல வண்டியைவிடக் கனமாக இருக்கும். திருப்பவே முடியாது என்பதில்லை, முடியும். ஆனால் வளைவின் நடுவில், எதிர்பாராமல், ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது நின்றால் பள்ளத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அரை விநாடிதான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிற பழக்கம் பழைய டிரைவர்கள் சிலரிடம் இருந்தது. அன்றைக்கும் அது தப்புதான். பவர் ஸ்டியரிங் வண்டியில் அது தற்கொலை. பம்பைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், பிரேக்குக்கு உதவுகிற வேக்குவமும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்.

"தம்பி, நாளைக்கு வண்டி ஓடாது. இங்கேயே போட்டுட்டுப் போ" என்றேன். முகம் வாடியது. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தோம். காலையில் வலது முன் சக்கரத்துக்கு உட்பக்கம், சேஸிஸை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. நேர் மேலே ஸ்டியரிங் பாக்ஸ். அதன் அடியில் டிராப் ஆர்ம் தண்டு வெளியே வருகிற இடம் எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது. பாக்ஸ் போச்சு என்று பட்டறைக்காரர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எண்ணெய் கீழே இறங்கும், ஓடுகிற வண்டியில் காற்றோடு பின்னாலும் போகும். ஆகவே சொட்டுகிற இடம் ஒன்றாகவும் ஒழுகுகிற இடம் வேறொன்றாகவும் இருக்கும். ஈரமாக இருக்கிற இடங்களிலேயே எது மேலே இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று தேட வேண்டும். கூரை ஒழுகும்போது சுவரில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலேயா ஓடு உடைந்திருக்கிறது? பழைய அழுக்கோடு இதைத் தேடவே முடியாது. மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டோம். பம்ப், டப்பா, ஹோஸ்கள், பாக்ஸ் எல்லாம் பளிச்சென்று ஆன பிறகு, வீட்டிலிருந்த முகப்பவுடர் டப்பாவை எடுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் தூவினேன். என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். புது டப்பா.

ஆயிலை அளவுக்கு ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அவனை உள்ளே உட்கார வைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கோடியில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்காதே என்றும் சொன்னேன். கோடியில் பிடிக்கும்போதுதான் அழுத்தம் உச்சிக்குப் போகிறது. நம் கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல முப்பது நாற்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் வண்டிக்கு இப்படி ஒரு சோதனைதான். சமவெளியில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற ஹோஸ் மலைப்பாதையில் சீக்கிரம் களைத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடவே கூடாது. ஊசித் துவாரம் வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். டார்ச் அடித்துப் பார்க்கலாம். அட்டைத்துண்டை நீட்டிப் பார்க்கலாம்.

டார்ச் வெளிச்சத்தில் பவுடர் முதலில் சிவந்தது பாக்ஸில் அல்ல. பம்பிலிருந்து வரும் பிரஷர் ஹோஸில், ரப்பரும் இரும்புக் குழாயும் சேருமிடத்தில் ஒரு உலோகக் காப்புப் போட்டு நசுக்கியிருப்பார்களே, அங்கே. ஸ்டியரிங்கைக் கோடிக்குத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் காப்பின் விளிம்பில் வியர்வை போல எண்ணெய் துளிர்த்தது. அங்கிருந்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து பாக்ஸின் மேல் இறங்கி, பாக்ஸைச் சுற்றி வழிந்து, டிராப் ஆர்மில் சொட்டியது.

நேற்றைய இறுக்கத்துக்கும் விடை அதுதான். டப்பாவில் ஆயில் குறைந்துபோய், ஏற்றத்தில் வண்டி சாய்ந்தபோது பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. டப்பாவைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி நுரைத்திருந்தது. காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பம்ப் முனகிக்கொண்டே இருந்திருக்கிறது, அவன் பெல்ட் சத்தம் என்று நினைத்திருக்கிறான். (தரையில் ஒரு சொட்டுகூட இல்லாமல் எண்ணெய் மட்டும் நுரைத்தால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸின் கிளிப்பைப் பாருங்கள். அங்கே ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.)

ஹோஸைக் கழற்றிக்கொண்டு மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடைக்குப் போனோம். பழைய முனைகளை வைத்தே, அழுத்தம் தாங்குகிற, பவர் ஸ்டியரிங் எண்ணெய்க்கு ஏற்ற ஹோஸைப் போட்டுக் காப்பை நசுக்கிக் கொடுத்தார்கள். சிலர் சாதாரண ரப்பர் டியூபை மாட்டிக் கிளிப் போட்டு முறுக்குவார்கள். திரும்பி வருகிற ஹோஸுக்கு அது கொஞ்ச காலம் தாங்கும், பிரஷர் ஹோஸுக்கு அது வெடிகுண்டு. சூடான சைலன்சர் பைப் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இணைப்பில் இருந்த பழைய காப்பர் வாஷர்களையும் மாற்றினோம். வாஷரை மிச்சம் பிடிக்கிற கஞ்சத்தனத்தை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்று அவன் நினைத்தான். மறுபடியும் அட்டையைப் போட்டோம். காலையில் நாலணா அளவு ஒரு பொட்டு. பெரிய ஒழுகல் நின்றதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த சின்ன ஒழுகல் வெளியே வந்திருந்தது. இப்போது உண்மையிலேயே டிராப் ஆர்ம் தண்டின் சீல்.

அதையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். டிராப் ஆர்ம் நட்டைக் கழற்றுவதற்கு முன் ஆர்முக்கும் தண்டுக்கும் நேராக ஒரு உளிக்கோடு போட்டுக்கொண்டோம். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் மாறி, ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஆர்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது, அந்த அடி உள்ளே பேரிங் வரை போகும். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். சர்க்ளிப்பை எடுத்துப் பழைய சீலை நெம்பி வெளியே எடுத்தால், உதடு கல்லாகக் காய்ந்திருந்தது. தண்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கும் தட்டவில்லை. தட்டியிருந்தால், அதாவது தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் ஒழுகும். அப்போது பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான். ஆர்மைப் பிடித்து ஆட்டியபோதும் பெரிய ஆட்டம் இல்லை, புஷ் நன்றாகவே இருந்தது. தண்டின் பற்களின் மேல் டேப் சுற்றி, சீலின் உதட்டில் அதே சிவப்பு எண்ணெயைத் தடவி, கோணாமல் உள்ளே தட்டினோம். டேப் சுற்றாமல் ஏற்றினால் பற்களே புது உதட்டைக் கிழித்துவிடும்.

காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போடாமலேயே ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி பதினைந்து இருபது தடவை திருப்பினோம். டப்பாவில் குமிழி குமிழியாக வந்தது. ஊற்றினோம், திருப்பினோம். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜின். முதலிலேயே இன்ஜினைப் போட்டால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் கலக்கி ரோஸ்மில்க் ஆக்கிவிடும். பிறகு அது தெளிய ஒரு ராத்திரி ஆகும்.

ஹோஸ், சீல், வாஷர், ரெண்டு லிட்டர் ஆயில். அவ்வளவுதான் செலவு. புது பாக்ஸின் விலையில் சொற்பம்.

கடைகளில் 'லீக்கை நிறுத்தும் மருந்து' என்று பாட்டிலில் விற்கிறார்கள். அது சீல் ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும். இறுகிப்போன சீலில் சில வாரம் ஒழுகல் குறையலாம். ஹோஸ் காப்புக்கு அது எதுவும் செய்யாது. சிலர் பிரேக் ஆயிலை ஊற்றுவார்கள், அதுவும் ரப்பரை ஊத வைக்கும் என்ற கணக்கில். அது இந்த எண்ணெய்க்கு ஏற்ற ரப்பரை ஊதவைத்து, பிறகு கூழாக்கி, பம்ப் முதல் பாக்ஸ் வரை எல்லா சீலையும் கொன்றுவிடும். சிவப்பு எண்ணெய் என்றாலே எல்லா வண்டிக்கும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். சில வண்டிகளுக்குப் பச்சை எண்ணெய் என்றே இருக்கிறது. டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றினால் போதும்.

இப்போது வருகிற கார்களில் இந்தத் தொல்லையே இல்லை. 1988-ல் ஜப்பானில் சுசூகி தன் செர்வோ காரில் மின்மோட்டார் வைத்த ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. நம்மூர்ச் சின்னக் கார்களில் இன்று அநேகமாக அதுதான். பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை, எண்ணெய் இல்லை, சொட்ட எதுவும் இல்லை. கெட்டுப்போனால் விளக்கு எரியும், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கும் முகப்பவுடர் டப்பாவுக்கும் அங்கே வேலை இல்லை.

பஸ், லாரி அப்படி இல்லை. அவற்றின் முன் அச்சில் இறங்குகிற எடைக்கு இன்னும் பெரும்பாலும் எண்ணெய்தான் தோள் கொடுக்கிறது. சாயங்காலம் காட்ரோட்டில் ஏறி கொடைக்கானல் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். டிரைவர் சீட்டிலிருந்து எழுவதில்லை. ஒரு கையால் கியரை மாற்றிக்கொண்டே இன்னொரு கையால் வளைவைத் திருப்புகிறார். கட்டை விரலை மட்டும் இன்றும் பலர் சக்கரத்துக்கு வெளியேதான் வைத்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருவரிடம் கேட்டேன். "எங்க வாத்தியாரு சொன்னாருண்ணே, ஏன்னு தெரியாது" என்றார்.